அஸ்க்யா ஏரிக்குப் போன மூன்று பேர்

இன்னைக்கு நம்ம கதை ஐஸ்லாந்து நாட்டில் நடக்குது.

இப்போ கோடைக்காலத்தில் அங்கே சுற்றுலா போறவங்க, உயரமான சக்கரம் வச்ச வண்டியில் கூட்டமா ஏறி, எரிமலைக் குழம்பு உறைஞ்சு கிடக்கிற ஒரு பெரிய பாலைவனத்தைக் கடந்து போறாங்க. வண்டி நிற்கிற இடத்திலிருந்து இரண்டரை கிலோமீட்டர் நடந்தா அஸ்க்யா ஏரி. பக்கத்திலேயே வீத்தின்னு ஒரு சின்ன எரிமலை வாய். உள்ளே பால் நிறத்தில் வெதுவெதுன்னு தண்ணி. வீத்தி என்றால் அவங்க மொழியில் நரகம். நரகத்தில் இறங்கிக் குளிச்சு போட்டோ எடுத்துக்கறாங்க! ஏரியை ஒட்டி ஒரு கற்குவியலும் இருக்கு. 1907-ல் அங்கே காணாமல் போன இரண்டு ஜெர்மானியர்களுக்கான நினைவுச்சின்னம் அது. அந்தக் கற்குவியலின் கதைதான் இந்த எபிசோட்.

முதல்ல ஏரியோட வயசைச் சொல்லிடறேன், ஏன்னா கதையே அதில்தான் இருக்கு. 1875-ம் ஆண்டு தொடக்கத்தில் இந்த ஏரி கிடையாது. அந்த ஆண்டு மார்ச் 28, 29 தேதிகளில் அஸ்க்யா வெடித்தது. சாம்பல் கடல் தாண்டி ஸ்காண்டிநேவியா வரைக்கும் போய் விழுந்தது. கிழக்கு ஐஸ்லாந்தில் மேய்ச்சல் நிலம் சாம்பலில் மூழ்கி, ஆடு மாடுகள் செத்து, பிழைக்க வழியில்லாமல் பல குடும்பங்கள் வட அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறின. மலைக்கு உள்ளே இருந்த குழம்பு வெளியே போய்விட்டதால், மேலே இருந்த தரை தாங்க ஆளில்லாமல் கீழே இறங்கியது. ஒரே நாளில் இல்லை, வருஷக்கணக்காக. இறங்க இறங்க அந்தப் பள்ளத்தில் தண்ணீர் சேர்ந்தது. இன்றைக்கு அதன் பரப்பு சுமார் 11 சதுர கிலோமீட்டர், ஆழம் சுமார் 220 மீட்டர். சுற்றிலும் செங்குத்தான கரை. அந்தக் கரையும் உறுதியான பாறை இல்லை, உடைஞ்சு விழுந்த மலையோட மிச்சம்.

1907 கோடையில் மூன்று ஜெர்மானியர்கள் அங்கே போனார்கள். தலைவர் வால்டர் ஃபொன் க்னேபல், புவியியல் ஆய்வாளர். கூட மாக்ஸ் ருட்லோஃப் என்கிற ஓவியர். மூன்றாவது ஆள் ஹான்ஸ் ஸ்பெத்மன், இருபத்தோரு வயசு மாணவர்னு வச்சுக்கலாம். சுற்றியிருக்கிற பாலைவனத்துக்கு ஓதாதாஹ்ரோய்ன் என்று பெயர். பாவச் செயல்களின் குழம்புக்காடு என்று அர்த்தம் சொல்லலாம். ஊரை விட்டு ஓடின குற்றவாளிகள் ஒளிஞ்சிருந்த இடம்னு நம்பிக்கை. அங்கே குதிரைக்குப் புல் கிடையாது. அதனால் ஆளையும் சாமானையும் இறக்கிவிட்டுக் குதிரைகளைத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிடணும். இதைக் கவனிங்க. மூணு பேரும் கூடாரத்தில் தனியா இருக்காங்க, ஒண்ணுன்னா ஓடிப்போய்ச் சொல்ல வண்டியோ குதிரையோ இல்லை.

ஜூலை 10. க்னேபலும் ருட்லோஃபும் ஒரு கித்தான் படகில் ஏரிக்குள் போகிறார்கள். ஸ்பெத்மன் தன் வேலையைப் பார்க்க மலையின் வேறொரு பக்கம் போகிறார். சாயங்காலம் திரும்பி வந்து பார்க்கிறார், இருவரும் இல்லை. கூப்பிட்டுப் பார்க்கிறார், தேடுகிறார். உதவி வந்து சேரும் வரை சில நாட்கள் அந்த இடத்தில் அவர் தன்னந்தனியாக இருந்திருக்கிறார். நான் இந்தச் சம்பவத்தைப் படிச்சப்போ என்னை ரொம்ப நேரம் விடாமல் பிடிச்சது அந்த நாட்கள்தான். பிறகு தேடப் போனவர்களுக்கும் உடல் கிடைக்கவில்லை.

உடல் இல்லை, சாட்சி இல்லை, உயிரோடு வந்தது ஒருத்தர் மட்டும். ஊர் வாய் சும்மா இருக்குமா? கித்தான் படகு கிழிஞ்சு முழுகியிருக்கும்னு ஒரு பேச்சு. கொலைன்னுகூட ஒரு பேச்சு. கொலைன்னா யார் மேல் சந்தேகம் விழும்னு சொல்ல வேண்டியதில்லை.

க்னேபலுக்கு நிச்சயம் செய்யப்பட்டிருந்த பெண் இனா ஃபொன் க்ரும்ப்கோ. அடுத்த ஆண்டே, 1908-ல், அவர் கிளம்பி ஐஸ்லாந்து வந்துவிட்டார். துணைக்கு ஹான்ஸ் ரெக் என்கிற இளம் புவியியல் ஆய்வாளர், வழிகாட்டியாக சிகுர்துர் சுமார்லிதாசோன் என்கிற ஐஸ்லாந்துக்காரர். குதிரை மேல் நாட்டின் உட்பகுதியைக் கடந்து அஸ்க்யாவுக்குப் போனார்கள். பல இடங்களில் இதைக் காதல் கதையாக மட்டும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காதல் இருந்தது, சரி. ஆனால் அவர் அழுதுவிட்டு வரப் போகவில்லை, விசாரிக்கப் போனார். என்ன நடந்ததுன்னு மத்தவங்க சொல்றதைக் கேட்காமல், இடத்தை நேரில் பார்க்கணும்னு போனார்.

ஏரி எதையும் தரவில்லை. கரையில் கற்களை அடுக்கி நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். அந்தப் பயணத்திலேயே ரெக்கும் சுமார்லிதாசோனும் பக்கத்தில் இருந்த ஹெர்துபிரெய்த் மலையின் உச்சியை எட்டினார்கள். அதுவரை ஏறவே முடியாதுன்னு நம்பப்பட்ட மலை அது. மறு ஆண்டு இனா தன் பயணத்தை 'ஈசாஃபோல்ட்' என்ற நூலாக வெளியிட்டார். 1912-ல் ரெக்கையே மணந்துகொண்டார். இந்த ரெக்தான் 1913-ல் ஆப்பிரிக்காவின் ஓல்டுவாய் பள்ளத்தாக்கில் மனித எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தவர். அது தனி எபிசோட் விஷயம்.

இப்போ ஒரு நூறு வருஷம் தாண்டி வாங்க. 2014 ஜூலை 21, இரவு பதினொன்றரை மணிக்குச் சற்று முன்னால். ஏரியின் தென்கிழக்குச் சரிவு அப்படியே பிய்ந்து இறங்கியது. மொத்தம் சுமார் 2 கோடி கன மீட்டர் மண்ணும் பாறையும். அதில் ஒரு பெரிய பகுதி நேராகத் தண்ணீருக்குள். கிளம்பிய அலை, சில இடங்களில் கரை மேல் 60 மீட்டருக்கும் அதிகமான உயரத்துக்கு ஏறியது. இருபது மாடிக் கட்டடம்னு நினைச்சுக்கங்க. தண்ணீர் வீத்தி பள்ளத்துக்குள்ளும் போய் விழுந்தது. ராத்திரி நேரமானதால் கரையில் யாரும் இல்லை. அதே பகல் நேரமா இருந்திருந்தா?

1907-ல் அதுதான் நடந்ததுன்னு இதை வச்சு சொல்ல முடியாது. 2014 சரிவு இன்னொரு நாளுக்கான ஆதாரம் இல்லை. ஆனா முப்பத்திரண்டே வயசான, கரை இன்னும் சரிஞ்சு முடியாத ஏரியில் ஒரு கித்தான் படகு போயிருக்கு. 2014-ல் விழுந்ததில் நூறில் ஒரு பங்கு விழுந்திருந்தாலும் அந்தப் படகு என்ன ஆகியிருக்கும்? யாரையும் சந்தேகப்படத் தேவையில்லாத ஒரு பதிலை அந்தக் கரையே நமக்குக் காட்டியிருக்கு.

ஸ்பெத்மன் பிறகு ஜெர்மனியின் ரூர் தொழிற்பகுதியைப் பற்றி நிறைய எழுதிய புவியியல் அறிஞரானார். க்னேபல், ருட்லோஃப் இருவரும் இன்றுவரை கிடைக்கவில்லை. 2021 முதல் அஸ்க்யாவின் தரை மறுபடி மேலே எழும்பிக்கொண்டிருப்பதாக அளவுக் கருவிகள் காட்டின. கோடை வந்தால் வண்டிகள் இப்போதும் அங்கே போகின்றன.