ஹாலே நகரில் இரண்டு நாள்

ஜெர்மனியின் கிழக்குப் பகுதியில், சாலே ஆற்றங்கரையில் அமைந்த ஹாலே, உப்பால் வளர்ந்த நகரமாகும். நிலத்தடியில் ஊறிய உவர்நீரைக் காய்ச்சி உப்பெடுத்து விற்ற செல்வமே இன்று சந்தைச் சதுக்கத்தில் ஐந்து கோபுரங்களாக உயர்ந்து நிற்கிறது எனலாம். நான்கு கோபுரங்கள் தேவாலயத்திற்குரியவை. ஐந்தாவதான செங்கோபுரம் தனித்து நிற்பது. அருகே, 1685இல் இவ்வூரில் பிறந்த இசைமேதை ஹேண்டலின் சிலை. பயணிகள் பலர் இவற்றைக் கண்டதும் லைப்சிக் நகருக்கு ரயிலேறிவிடுகின்றனர். நானும் உப்பையும் இசையையும் முதல்நாட் காலையிலேயே முடித்துக்கொண்டேன். சென்ற ஊரிலெல்லாம் பள்ளிக்கூடத்தைத் தேடுவது ஆசிரியத் தொழில் தரும் பழக்கம் போலும்.

சதுக்கத்திற்குத் தெற்கே சிறிது தூரம் நடந்தால், மரச்சட்டங்களுக்கிடையே சுவரெழுப்பிய நெடுங்கட்டடங்கள் ஒரு முற்றத்தின் இருமருங்கும் நிற்கக் காணலாம். இதுவே ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே நிறுவிய கல்விச்சாலை. பாதிரியாரும் பேராசிரியருமான அவர், 1695இல் காணிக்கைப் பெட்டியில் கிடைத்த சிறுதொகையைக் கொண்டு ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். அவர் மறைந்த 1727இல் அங்குப் பயின்றோர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர். வறிய பல்கலைக்கழக மாணவர்களுக்கு உணவளித்து, அதற்கு ஈடாகப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கச் செய்தார். அவர்களுக்குக் கற்பிக்கும் முறையையும் பயிற்றுவித்தார். ஆசிரியப் பயிற்சியின் வரலாற்றைப் படிப்போர் இவ்விடத்தைக் கடந்துபோக இயலாது.

ஹாலேயில் சிறிதுகாலம் பயின்ற சீகன்பால்கு என்னும் இளைஞர், டென்மார்க்கு மன்னரால் அனுப்பப்பெற்று 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். தமிழ் கற்க அவர் மேற்கொண்ட வழி எளியது. முதிய ஆசிரியர் ஒருவரைத் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்தச் சொல்லி, பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதிப் பழகினார். பெரும் கல்விச்சாலை ஒன்றின் மாணவர் நம் திண்ணைப் பள்ளியின் மாணவரான அந்நிகழ்ச்சியை, அம்முற்றத்தில் நின்றபொழுது நினையாமலிருக்க முடியவில்லை.

கற்றதை அவர் ஹாலேக்குத் திருப்பியனுப்பினார். அவர் அனுப்பிய மாதிரிகளைக் கொண்டு இங்கே தமிழ் அச்செழுத்துகள் வார்க்கப்பட்டு, 1713இல் தரங்கம்பாடியை அடைந்தன. எழுத்துகள் அளவிற் பெரியனவாய் இருந்தமையால் தாளை விழுங்கின. பின்னர் சிறியவை தரங்கம்பாடியிலேயே வார்க்கப்பட்டன. 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறி முடிந்தது. விடுப்பில் ஐரோப்பா வந்த சீகன்பால்கு, தம்முடன் மலையப்பன் என்னும் தமிழ் இளைஞரையும் அழைத்து வந்திருந்தார். இலத்தீன் மொழியில் எழுதப்பட்ட அவருடைய தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலேயின் அச்சகத்தில் வெளிவந்தது.

இலக்கணத்திற்குக் கிடைத்த வரவேற்பு இலக்கியத்திற்கும் சமயத்திற்கும் கிடைக்கவில்லை என்பதே வருந்தத்தக்கது. சீகன்பால்கு நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைத் திரட்டிப் பட்டியலிட்டவர்; தொல்காப்பியமும் திருக்குறளும் அதில் உண்டு. தமிழர் வழிபடும் தெய்வங்களைப் பற்றி 1713இல் விரிவான நூலொன்றை எழுதியனுப்பினார். அச்சமயத்தை அகற்ற அனுப்பப்பட்டவர் அதனை ஐரோப்பாவில் பரப்புவதா எனக் கருதிய ஹாலேயார் அதை அச்சிடாது வைத்துவிட்டனர். 1867இல்தான் அது சென்னையில் அச்சாயிற்று. பிராங்கேயின் தொண்டைப் போற்றும் நான், இச்செயலைப் போற்ற மாட்டேன். எனினும் ஒன்றைச் சொல்லவேண்டும்: அவர்கள் அதனைக் கிழித்தெறியவில்லை. சமயம் குறித்த வினாக்களுக்குத் தமிழர்கள் எழுதிய விடைக்கடிதங்கள் தொண்ணூற்றொன்பதை மொழிபெயர்த்து அச்சிட்டவர்களும் அவர்களே.

இரண்டாம் நாள், கட்டடத்தின் மேல்தளத்திலுள்ள பழைய அரும்பொருட்கூடத்தைக் கண்டேன். 1995இல் பழைய தோற்றத்திலேயே புதுப்பிக்கப்பட்டது அது. மேலே முதலையொன்று தொங்க, சுற்றிலும் வண்ணந்தீட்டிய பேழைகள். அவற்றுள் இந்தியாவிலிருந்து வந்த பொருள்களும் உண்டு. பிள்ளைகள் உலகைக் கண்ணால் கண்டு கற்கவேண்டும் என்பதற்காகவே பள்ளிக்குள் இப்படியொரு கூடம். நிறுவனத்தின் ஆவணக்காப்பகத்திலோ தமிழ் ஓலைச்சுவடிகள் உறங்குகின்றன.

நம் பள்ளிகளில் சிறுவர் ஒப்புவிக்கும் கொன்றைவேந்தனையும், அதனுடன் உலகநீதியையும் நீதிவெண்பாவையும் சீகன்பால்கு 1708இல் ஜெர்மன் மொழியில் பெயர்த்து அனுப்பினார். அம்மூன்றும் அச்சு வடிவம் பெற்றது 1930இல். அதுவும் ஹாலேயில் அன்று, ஆம்ஸ்டர்டாமில்.