பழைய பேட்டரி சைக்கிளை எடைக்குப் போடும் முன் கொஞ்சம் வரலாறு

சற்று நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

போன மாதம் ஒரு முன்னாள் மாணவர் போனில் கேட்டார்: "சார், அப்பா ஓட்டின பேட்டரி சைக்கிள் மூணு வருஷமா திண்ணையில நிக்குது. வித்த கம்பெனியும் இப்ப இல்ல. எடைக்குப் போட்டுடவா?" எங்கள் குடும்பக் குழுவிலும் இதே கேள்வி இரண்டு முறை வந்துவிட்டது. என்னிடம் 2012-இல் வாங்கியது ஒன்று இருக்கிறது. விற்ற கடையை மூடி வெகுநாளாயிற்று, ஆனால் வண்டி ஓடுகிறது. அதனால் எல்லோருக்குமாக இங்கேயே பதில் எழுதுகிறேன்.

நான் எதைக் கேட்டாலும் ஆண்டுக் கணக்கிலிருந்துதான் தொடங்குவேன் என்பது உங்களுக்குத் தெரியும். இதற்கும் அதுதான் சரியான வழி. இந்த வண்டியில் எது சீக்கிரம் சாகும், எது சாகாது என்பதை அதன் வரலாறே சொல்லிவிடுகிறது.

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குச் சைக்கிள் டைனமோ நினைவிருக்கும். டயரில் உரசிச் சுற்றும், விளக்கு எரியும், மிதிக்கக் கனமாக இருக்கும். அதைத் திருப்பிப் போட்டால் மின்சார சைக்கிள். சுற்றினால் மின்சாரம் வரும் என்று மைக்கேல் ஃபாரடே காட்டியது 1831-இல். அதே இயந்திரத்துக்கு மின்சாரத்தைக் கொடுத்தால் அது சுற்றும் என்பதை 1873 வியன்னா கண்காட்சியில் கிராம் என்பவரின் இயந்திரத்தை வைத்து உலகத்துக்குக் காட்டினார்கள்.

பேட்டரியின் கதை தனி. திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யக்கூடிய ஈய பேட்டரியை பிரான்சில் காஸ்தோன் பிளாந்தே உருவாக்கியது 1859-இல். இரண்டையும் ஒரே வண்டியில் சேர்த்தவர் குஸ்தாவ் த்ரூவே. 1881 ஏப்ரலில் பாரிஸ் தெருவில் மின்சார மூன்று சக்கர சைக்கிளை ஓட்டினார். பெட்ரோல் கார் அப்போது பிறக்கவே இல்லை.

அடுத்த தேதியைக் கவனியுங்கள். 1895 டிசம்பர் 31. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் கான்டன் ஊரைச் சேர்ந்த ஆக்டன் போல்டன் என்பவருக்கு ஒரு மின்சார சைக்கிளுக்காகக் காப்புரிமை கிடைத்தது. மோட்டாரைப் பின்சக்கரத்தின் நடுவில், ஹப்புக்குள்ளேயே வைத்துவிட்டார். 10 வோல்ட் பேட்டரியிலிருந்து 100 ஆம்பியர் வரை இழுக்கக்கூடிய மோட்டார் அது. இப்போது உங்கள் திண்ணையில் நிற்கும் வண்டியின் பின்சக்கரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் மோட்டார் அதே இடத்தில்தான் இருக்கும்.

அப்படியானால் நடுவில் நூறு ஆண்டுகள் இந்த வண்டி ஏன் தெருவுக்கு வரவில்லை? மோட்டார் தயாராக இருந்தது, பேட்டரிதான் தயாராக இல்லை. ஒரு கிலோ ஈய பேட்டரியில் 30, 40 வாட்-மணி மின்சாரத்தைத்தான் சேமிக்க முடியும். ஒரு கிலோ பெட்ரோலில் அடங்கியிருப்பது ஏறத்தாழ 12,000 வாட்-மணி. இஞ்சின் அதில் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்கினாலும் பெட்ரோல் சுலபமாக ஜெயித்தது.

காற்று திரும்பியது கடந்த நூற்றாண்டின் கடைசியில். 1980-களின் தொடக்கத்தில் நியோடிமியம் காந்தம் வந்தது, மோட்டார் சிறியதாயிற்று. 1991-இல் சோனி லித்தியம் அயன் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1993-இல் ஜப்பானில் யமஹா, மிதிக்கும் பலத்துக்கு ஏற்ப மோட்டார் துணை செய்யும் சைக்கிளை விற்கத் தொடங்கியது. சீனாவில் பெரிய நகரங்கள் பெட்ரோல் பைக்குகளைக் கட்டுப்படுத்தின. 1999-இல் மின்சார சைக்கிளுக்கென்று தேசியத் தரமும் வந்தது. பிறகு அங்கே கோடிக்கணக்கில் ஓடின, பெரும்பாலும் ஈய பேட்டரியில்.

நம் நாட்டில் 250 வாட்டுக்கும் 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் உட்பட்ட வண்டிக்கு லைசென்ஸும் பதிவும் வேண்டாம் என்று விதி இருந்ததால் பல கம்பெனிகள் இறங்கின. சில ஆண்டுகளில் பேட்டரி செத்தது, மாற்றும் விலையைக் கேட்டு மக்கள் வண்டியை ஓரங்கட்டினார்கள், கடைகளும் மூடின. திண்ணையில் நிற்கும் வண்டிகளின் வரலாறு இதுதான்.

இந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. 1895-லும் சரி, இன்றும் சரி, இந்த வண்டியின் பலவீனம் பேட்டரிதான். மற்றது எல்லாம் நீண்ட ஆயுள் உள்ளவை. பேட்டரி போனதை வண்டியே போனதாக நினைத்து எடைக்குப் போடாதீர்கள். சோதிக்க 300, 400 ரூபாய் மல்டிமீட்டர் போதும். நான் சோதிக்கும் வரிசையைச் சொல்கிறேன்.

முதலில் காசு செலவில்லாதது. பிரேக் பிடித்தால் மோட்டாருக்கு மின்சாரத்தை நிறுத்தும் சிறிய சுவிட்ச் பிரேக் லீவரில் உண்டு. துருப்பிடித்து லீவர் முழுதாகத் திரும்பாவிட்டால் மோட்டார் ஓடவே ஓடாது. அந்த ஒயரைக் கழற்றிப் பாருங்கள். கழற்றியதும் ஓடினால் கோளாறு அங்கேதான். சோதனைக்கு மட்டும்தான் கழற்றுவது, சரி செய்து திரும்ப மாட்டாமல் ரோட்டுக்குப் போகக் கூடாது. அடுத்து ஃபியூஸ். பிறகு ஒயர் சாக்கெட்டுகள். கடலோர ஊர்களில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும், சுரண்டித் துடைத்தாலே பாதி நோய் தீரும்.

இரண்டாவது பேட்டரி. மோதிரம், வாட்ச் கழற்றிவிட்டுக் கை வையுங்கள். ஈய பேட்டரி என்றால் 12 வோல்ட் பெட்டிகள் மூன்றோ நான்கோ வரிசையாக இணைத்திருப்பார்கள். முழு சார்ஜுக்குப் பிறகு சில மணி நேரம் ஓய்வு கொடுத்து ஒவ்வொன்றையும் தனியாக அளந்தால் 12.7 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். அடுத்து ஒவ்வொன்றிலும் பைக் ஹெட்லைட் பல்பு ஒன்றைப் பத்து நிமிடம் எரியவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். எது மட்டும் 10.5-க்குக் கீழே விழுகிறதோ அதுதான் நோயாளி. ஒன்று கெட்டாலே மொத்தமும் கெட்டதுபோலத் தெரியும். ஆனாலும் ஒன்று புதிது, மற்றவை பழையது என்று கலக்காதீர்கள். பழையது புதியதையும் சீக்கிரம் கெடுத்துவிடும். ஓட்டாவிட்டாலும் மாதம் ஒருமுறை சார்ஜ் போடுங்கள். காலியாகவே விட்டால் உள்ளே ஈய சல்பேட் கெட்டிப்பட்டு, பிறகு சார்ஜ் ஏறாது. செத்த ஈய பேட்டரியைக் குப்பையில் போடாமல் கடையில் கொடுங்கள். ஈயத்துக்கு விலை உண்டு.

மூன்றாவது மோட்டார். வண்டியை ஆஃப் செய்து, பின்சக்கரத்தைத் தூக்கிக் கையால் பின்னோக்கிச் சுற்றுங்கள். இடறி இடறிக் கனமாகச் சுற்றினால், மோட்டாரிலிருந்து வரும் மூன்று தடித்த ஒயர்களைக் கழற்றிவிட்டு மறுபடி சுற்றுங்கள். இப்போது லேசாகச் சுற்றினால் மோட்டார் நலம், கன்ட்ரோலர் பெட்டிதான் பழுது. பழைய டைனமோ பாடம்தான் இதுவும். நீங்கள் சுற்றும்போது மோட்டார் மின்சாரம் தயாரிக்கிறது. பழுதான கன்ட்ரோலரில் அந்த மின்சாரம் வளைந்து ஓடி உங்கள் கையை எதிர்க்கிறது. வண்டி உதறி உதறிக் கிளம்பினால் மோட்டாருக்குள் இருக்கும் ஹால் சென்சாரைச் சந்தேகப்படலாம். எட்வின் ஹால் 1879-இல் கண்டறிந்த விளைவை வைத்துச் செய்த சிறு சில்லு அது. விலை குறைவு, மாற்றிவிடலாம்.

மீதி எல்லாம் சைக்கிள்தான். செயின், ஃப்ரீவீல், பிரேக் கட்டை எல்லாம் நம் தெரு சைக்கிள் கடையில் கிடைக்கும். பின்சக்கரப் பஞ்சருக்கு மோட்டார் ஒயரைக் கழற்ற வேண்டாம். சக்கரம் வண்டியிலேயே இருக்க, டயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி ட்யூபை இழுத்து ஒட்டிவிடலாம்.

இனி எழுதுவதை மட்டும் அவசியம் படியுங்கள். இதுவரை சொன்ன பேட்டரி வேலை ஈய பேட்டரிக்கு மட்டும். லித்தியம் பேட்டரியை வீட்டில் பிரிக்கவே கூடாது. ஈய பேட்டரி சார்ஜரை அதற்குப் போடவும் கூடாது. 48 வோல்ட் லித்தியம் பெரும்பாலும் 54.6 வோல்ட்டில் நிற்க வேண்டும், ஈய சார்ஜர் 58-ஐத் தாண்டிப் போகும். நியூயார்க்கில் தொடர்ந்து தீ விபத்துகள் நடந்து உயிர்கள் போன பிறகு, சான்று பெறாத பேட்டரிகளையும், பழைய செல்களைப் பொறுக்கிச் சேர்த்த பேட்டரிகளையும் விற்கக் கூடாது என்று 2023-இல் சட்டம் போட்டார்கள். உங்கள் வீட்டில் உப்பியதோ கீழே விழுந்து நசுங்கியதோ இருந்தால் இன்றே வீட்டுக்கு வெளியே எடுத்து வையுங்கள். எல்லோரும் தூங்கும் நேரத்தில், வாசற்படிக்குப் பக்கத்தில் சார்ஜ் போடாதீர்கள். தீப்பிடித்தால் வெளியே வர அந்த ஒரு வழிதான் இருக்கும்.

உங்கள் வண்டி எந்த ஆண்டு, எத்தனை வோல்ட், என்ன கோளாறு என்று கமென்ட்டில் எழுதுங்கள். நம் பழைய மாணவர்களில் எலக்ட்ரீஷியன்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள், எனக்குத் தெரியாததை அவர்கள் சொல்வார்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்