கல்கத்தாப் பல்கலைக்கழகமும் விஞ்ஞான ஆராய்ச்சியும்

முன்னோர் தேடிவைத்த அறிவைப் பேணி வழங்குதலும், புதிய அறிவைத் தேடிக் காணுதலும் பல்கலைக்கழகத்தின் இருபெருங் கடமைகளாம். பரீட்சை நடாத்துதல் இவ்விரண்டற்கும் துணையாவதேயன்றித் தனிக் கடமையாகாது. நெல்லை அளக்கும் மரக்கால் நெல்லை விளைவிப்பதில்லை. எனினும், மரக்காலை மட்டுங் கையிற்கொண்டு பிறந்த பல்கலைக்கழகங்களும் உலகில் உள. அவற்றுளொன்று அரை நூற்றாண்டின் பின் வயலில் இறங்கி உழத் தொடங்கிய வரலாற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1857ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் நிறுவப்பட்டது. சென்னை, பம்பாய்ப் பல்கலைக்கழகங்களும் அவ்வாண்டிலேயே தோன்றின. மூன்றுக்கும் அக்கால இலண்டன் பல்கலைக்கழகமே முன்மாதிரி. கல்லூரிகள் கற்பித்தன, பல்கலைக்கழகம் வினாத்தாள் அமைத்து, விடைகளைத் திருத்திப் பட்டம் வழங்கிற்று. அதற்கெனப் பேராசிரியரோ ஆய்வுகூடமோ இருந்தில. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்து மாணவரும் கடல்கடந்த இப்பல்கலைக்கழகத்தின் பரீட்சைகளுக்குத் தோற்றினர். கல்கத்தா என்பது அவர்க்கு ஒரு சான்றிதழின் பெயராகவே இருந்திருத்தல் வேண்டும்.

இக்காலத்தில் வங்காளத்தில் விஞ்ஞான ஆராய்ச்சி அறவே இல்லாதிருந்ததென்று கூறுதல் தவறு. வைத்தியராகிய மகேந்திரலால் சர்க்கார் 1876ஆம் ஆண்டு பொதுமக்கள் பொருளுதவியோடு இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார். பிரசிடென்சிக் கல்லூரியில் ஜகதீச சந்திர போசு மின்காந்த அலைகளை ஆராய்ந்தார். அக்கல்லூரியிலேயே பிரபுல்ல சந்திர ராய் 1896இல் மேர்க்குரசு நைத்திரைற்று என்னுஞ் சேர்வையைப் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். ஆயினும், இவை தனிமனிதர் தம் வைராக்கியத்தால் விளைந்தனவேயன்றி, நிறுவனத்தின் ஆதரவால் விளைந்தனவல்ல. இந்தியப் பேராசிரியர்க்கு ஐரோப்பியர் பெற்றதிலுங் குறைந்த சம்பளமே வழங்கப்பட்ட காலம் அது. அவ்விழிவை ஏற்க மனமின்றிப் போசு மூன்றாண்டுகள் சம்பளம் பெறாமலே கற்பித்தார் என்பது ஈண்டு நினைவுகூரற்பாலது.

இந்நிலையை மாற்றியவர் சேர் அசுதோஷ் முகர்ஜி (1864–1924). இளமையில் கணித ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதிப் புகழ்பெற்ற இவர், பின்னர் உயர்நீதிமன்ற நீதிபதியானார். 1906 முதல் 1914 வரையும், மீண்டும் 1921 முதல் 1923 வரையும் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராய் விளங்கினார். 1904ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம் அரசினர் பிடியை இறுக்குவதற்கே எழுந்ததெனப் பலர் கண்டித்தனர். அசுதோஷோ, கற்பித்தலும் ஆராய்தலும் பல்கலைக்கழகத்துக்கு உரியன என அச்சட்டத்திற் கிடந்த வாசகத்தைப் பற்றிக்கொண்டார். சட்டம் இடந்தந்தது; பொருளை யார் தருவது? அதனைத் தந்தவர் இரு வழக்கறிஞர். தாரகநாத பாலித் 1912இல் தம் செல்வத்திற் பெரும்பகுதியையும், ராஷ்பிகாரி கோஷ் 1913இல் பத்து இலட்சம் ரூபாவையும் வழங்கினர். இவ்விருவர் பெயராலும் அமைந்த பேராசிரியர் பதவிகள் இந்தியர்க்கே உரியன என்பது நன்கொடையின் நிபந்தனை. 1914 மார்ச்சு 27ஆந் திகதி விஞ்ஞானக் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

கட்டடம் எழுப்புதல் எளிது. தக்காரைத் தேர்தல் அரிது. பௌதிகப் பாலித் பேராசிரியராக அசுதோஷ் தெரிந்தெடுத்தவர் நிதித் திணைக்கள உத்தியோகத்தரான ஒரு தமிழ் இளைஞர். திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சந்திரசேகர வெங்கட ராமன், அலுவலகத்துக்கு முன்னும் பின்னுமான பொழுதுகளில் சர்க்காரின் கழகத்தில் ஆராய்ச்சி செய்துவந்தார். பேராசிரியராவோர் முதலில் மேனாடு சென்று பயிலவேண்டுமென்ற விதியை அவர் ஏற்க மறுத்தார். விதி தளர்த்தப்பட்டது. 1917இல், கூடிய சம்பளந் தந்த அரசாங்கப் பதவியைத் துறந்து, குறைந்த சம்பளத்துக்கு ராமன் பேராசிரியரானார்.

அவர்தம் ஆராய்ச்சி எங்கே தொடங்கி எங்கே சென்றதென்பதை நோக்குக. வெறுந்தோல் போர்த்த முழவின் மேற்றொனிகள் இசைக்கு இணங்குவனவல்ல. மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே இடப்படுங் கரும்பூச்சு, அத்தொனிகளை முழுவெண் விகிதத்திற் பொருந்தச் செய்கின்றது. நம் முன்னோர் செவியறிவாற் கண்ட இந்நுட்பத்தை ராமனும் அவர் மாணவரும் 1920இல் பௌதிக முறையில் விளக்கினர். மறு ஆண்டு கப்பற்பயணத்திற் கடலின் நீலங்கண்டு, அது வானின் நிறத்தைப் பிரதிபலிப்பதன்று, நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறுவதும் அதற்குக் காரணமாம் என்று காட்டினார். அவ்வழியே சென்ற ஆய்வு, கே. எஸ். கிருஷ்ணனின் துணையோடு 1928 பெப்ரவரி 28ஆந் திகதி, சிதறிய ஒளியின் ஒரு பகுதி நிறம் மாறி வருதலைக் கண்டறிந்ததில் முடிந்தது. 1930இல் நோபல் பரிசு வந்தது. கிருஷ்ணனும் தமிழ்நாட்டு வத்திராயிருப்பிற் பிறந்தவரென்பது நாம் பெருமைகொள்ளத் தக்கது.

1916இல் இரு இளைஞர் விரிவுரையாளராய்ச் சேர்ந்தனர். மேகநாத சாகா கிராமத்துச் சிறு கடைக்காரரின் மகன். சத்தியேந்திரநாத போசு அவருடைய வகுப்புத் தோழர். ஐன்ஸ்ரைன், மின்கோவ்ஸ்கி என்போரின் சார்புக் கொள்கைக் கட்டுரைகளை இருவரும் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, 1920இல் பல்கலைக்கழகமே அதனை நூலாக்கிற்று. அவ்வாண்டிலேயே சாகாவின் வெப்ப அயனாக்கச் சமன்பாடு வெளிவந்தது. விண்மீன்களின் நிறமாலைகள் வேறுபடுதற்கு அவற்றின் வெப்பநிலையே முதன்மைக் காரணமென்பதை அது கணக்காற் காட்டிற்று. வானியலார் விண்மீன்களின் வெப்பத்தை அளத்தற்கு வழி பிறந்தது.

இரசாயனத்துறையில், 1916இல் பாலித் பேராசிரியராகிய ராய், தாம் ஆராய்ந்ததிலும் பிறரை ஆராயச் செய்ததே பெரிது. அறுபது வயது நிரம்பியபின் தம் சம்பளத்தைப் பல்கலைக்கழகத்துக்கே விட்டுக்கொடுத்தார். ஞானசந்திர கோஷ் மின்பகுபொருட் கரைசல்களையும், ஞானேந்திரநாத முகர்ஜி கூழ்களையும் மண்ணையும் ஆராய்ந்தனர். பின்னாளில் அசீமா சட்டர்ஜி நித்தியகல்யாணி முதலிய மூலிகைகளின் இரசாயனத்தை ஆராய்ந்தார். 1944இல் விஞ்ஞானக் கலாநிதிப் பட்டம் பெற்ற அவரே, இந்தியப் பல்கலைக்கழகமொன்றில் அப்பட்டம் பெற்ற முதற் பெண்மணி.

சிசிர் குமார் மித்திரா வானொலி அலைகளைத் திருப்பியனுப்பும் அயன மண்டலத்தை ஆராய்ந்தார். மேல்வளிமண்டலம் பற்றிய அவரது பெருநூல் 1947இல் வெளிவந்தது. மனத்தையும் ஆய்வுகூடத்தில் ஆராயலாமெனக் கண்டு பரிசோதனை உளவியலுக்குத் தனித் துறை வகுத்தனர். அதனைச் சார்ந்த கிரீந்திரசேகர போசு 1922இல் இந்திய உளப்பகுப்புக் கழகத்தை நிறுவினார். 1941இல் புள்ளிவிபரவியலுக்குந் துறை தோன்றியது. முழவின் தோல் முதல் விண்மீன் வரை, மூலிகை முதல் மனித மனம் வரை, முப்பது ஆண்டுகளுக்குள் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி விரிந்தது.

இவ்விரிவுக்குக் காரணம் யாது? பணமன்று, பணம் என்றும் போதாமலே இருந்தது. தம் கொள்கையைப் பரிசோதனையாற் சரிபார்க்கச் சாகா இலண்டனுக்கும் பெர்லினுக்கும் செல்ல நேர்ந்தது. போசு 1921இல் டாக்காவுக்கும், சாகா 1923இல் அலகாபாத்துக்கும், ராமன் 1933இல் பெங்களூருக்கும் சென்றனர். அவருள் முன்னிருவரும் பின்னர்க் கல்கத்தாவுக்கே மீண்டனரெனினும், அவர்களை அக்காலத்தில் நிறுத்திவைக்கும் வலிமை அதற்கில்லாமற்போயிற்று. இக்குறையை மறைத்தல் வரலாறாகாது. எனினும், எதை ஆராய்வதென ஆராய்வோனே தீர்மானிக்கும் உரிமை அங்கே இருந்தது. 1922இல் பல்கலைக்கழகம் கடனில் மூழ்கியிருக்க, வங்காள அரசாங்கம் இரண்டரை இலட்சம் ரூபா தர முன்வந்து, கூடவே நிபந்தனைகளையும் விதித்தது. சுதந்திரத்தை விற்றுப் பெறும் பொருள் வேண்டாவென அசுதோஷ் வாதிட, செனற் சபையும் அதனை மறுத்தது. பசித்திருந்தும் கைநீட்டாத அவ்வுறுதியே ஆராய்ச்சிக்கு வேலியாயிற்று.

இவ்வரலாறு நமக்கும் அந்நியமானதன்று. கொழும்பில் 1921இல் தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரி இலண்டன் பரீட்சைகளுக்கே மாணவரை ஆயத்தஞ் செய்தது. 1942இலேயே இலங்கைப் பல்கலைக்கழகம் பிறந்தது. இக்கட்டுரையாளனும் பகலிற் கற்பித்து, இரவிற் பயின்று, வெளிவாரியாகப் பரீட்சையெழுதிப் பட்டம் பெற்றவனே. பேராசிரியர் முகங் காணாது பெற்ற அப்பட்டத்தை யான் இகழேன். வறியவர்க்கு அது திறந்த வாயில். ஆயின், பழைய வினாத்தாள்களைப் புரட்டி விடைகளை நெட்டுருச் செய்த அவ்விரவுகளில் எனக்கென ஒரு வினா எழவில்லை என்பதை இன்று உணர்கின்றேன். அக்குறையை என் மாணவர்க்கு வைத்துச்செல்ல யான் விரும்பவில்லை.

வினா எழுப்புதற்குப் பெரும் பொருள் வேண்டுவதில்லை. கோயில் முன்றிலில் ஒலிக்கும் மிருதங்கமும், வேலியோரத்து நித்தியகல்யாணியும் நம் கண்முன்னேயும் உள்ளன. தாய்மொழியில் விஞ்ஞானம் வளரவேண்டுமெனக் கருதிய சத்தியேந்திரநாத போசு 1948இல் வங்காள மொழியில் அதற்கொரு கழகமும் சஞ்சிகையும் கண்டார். நம் மாணவரும் தம் மொழியிலேயே “ஏன்?” என வினவப் பழகுவாராக. அவ்வினாவுக்கு ஆசிரியராகிய நாம் விடையறியாதவிடத்து, அறியோம் என ஒப்புக்கொண்டு அவரோடு சேர்ந்து தேடுவோமாக.