ரப்பர்க் காட்டில் ஒரு பஞ்சர்

எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, ருவன்வெல்லை என்று கேகாலைச் சரிவுகளில் பரந்து கிடக்கும் ரப்பர்த் தோட்டங்களில், வெயில் ஏறினால் பாலோட்டம் குறைந்துவிடும் என்பதால் விடியற்காலையிலேயே கத்தியும் வாளியுமாகப் புறப்பட்டு, மரம் மரமாகப் பட்டை சீவிச் சிரட்டையில் பால் எடுத்த நம் தமிழ்த் தொழிலாளர்க்கு, அமிலத்தில் உறைந்து, உருளையில் தகடாகி, புகைக்கூடத்தில் காய்ந்து கொழும்புத் துறைமுகம் கடந்து போன அந்தப் பால், பிறகு காசு கொடுத்து வாங்க வேண்டிய சைக்கிள் டியூபாகவே மறுதரிசனம் தந்தது.

மரம் இந்நாட்டதன்று. 1876இல் ஹென்றி விக்கம் பிரேஸிலிலிருந்து கொண்டுசென்ற சுமார் 70,000 விதைகளுள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தவை 3,000க்கும் குறைவே. அவற்றுள் பெரும்பாலானவை இலங்கைக்கு வந்து ஹெனரத்கொடைத் தாவரத் தோட்டத்தில் வேரூன்றின. மரம் வந்த மாத்திரத்தில் தோட்டம் வந்துவிடவில்லை. 1888இல் பெல்பாஸ்ட் நகரத்து மிருக வைத்தியர் டன்லப், தம் மகனின் முச்சக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயர் பொருத்திப் பார்த்த பின், முதலில் சைக்கிளும் அப்பால் மோட்டாரும் ரப்பரைக் கேட்கத் தொடங்கியதால்தான் இக்குன்றுகளில் காடழிந்து தோட்டமெழுந்தது. 1942இல் மலாயா ஜப்பானியர் வசமானபோது நேச நாடுகளின் இயற்கை ரப்பருக்கு இலங்கையே பிரதான ஊற்றாயிற்று. மரம் பட்டாலும் சரியென்று பால் வெட்டினார்கள்.

அப்படிப் போய் டியூபாகத் திரும்பிய ரப்பர் ஓட்டையானால், பஞ்சர் ஒட்டும் கலைக்கு மூலதனம் அதிகம் வேண்டாம். குமிழி காட்ட ஒரு வாளித் தண்ணீர், சுரண்ட உப்புத்தாள், பழைய டியூபில் வெட்டிய துண்டு, சிறிது சொலூஷன் என்னும் பசை. இந்தச் சொலூஷன் என்பது, 1823இல் மக்கின்டோஷ் என்பவர் நாப்தாவில் ரப்பரைக் கரைத்துத் துணியோடு துணி ஒட்டினாரே, அதன் வம்சந்தான். கந்தகமும் உஷ்ணமும் சேர்ந்து பக்குவமான ரப்பர், 1839இல் குட்இயர் என்பவர் கண்டபடி, எதிலும் கரையாத பிடிவாதம் கொண்டது. பக்குவமாகாத பச்சை ரப்பரோ பெட்ரோலில் ஊறி நாளடைவில் கூழாகிவிடும். ஆகவே புகைக்கூடத்துத் தகட்டின் கிழிசலுக்கும் கடையில் விற்கும் சொலூஷனுக்கும் இடையே உள்ள தூரம், விலையைப் பார்த்து நாம் எண்ணுமளவு பெரிதன்று.

ஏழை நாடுகள் பலவற்றில் தெருவோரக் கடைக்காரர் இன்னும் ஒருபடி மேலே போகிறார். கந்தகம் கலந்த பச்சை ரப்பர்த் துண்டை ஓட்டையின் மேல் வைத்து, கழித்துப்போட்ட எஞ்சின் பிஸ்டனைக் கிண்ணம்போல் நிமிர்த்தி அதன்மேல் இறுக்கி, உள்ளே எண்ணெய் வார்த்துக் கொளுத்துகிறார்; குட்இயர் பல்லாண்டு பாடுபட்டுக் கண்ட ரசாயனம் சில நிமிஷங்களில் நடந்தேறுகிறது. பள்ளிக்கூடத்தில் இதைக் கரும்பலகையில் எழுதுவதைவிட அந்தக் கடைவாசலில் மாணவரை நிறுத்தலாம் என்பது என் அபிப்பிராயம். கடையே இல்லாத வழியில் மாட்டிக்கொண்டவர், ஓட்டையுள்ள இடத்தைக் கிள்ளிப் பிடித்து நூலால் இறுகக் கட்டுவார், அல்லது டியூபை எறிந்துவிட்டு டயருக்குள் புல்லைத் திணித்து ஓட்டுவார். உடம்பு குலுங்கும், ஆனால் சக்கரத்தின் வட்டம் கெடாது.