மலாயா சென்ற உத்தியோகத்தர்: நெருக்கடிக் காலத்து வேலை தேடல் பற்றிய ஒரு நோக்கு

பொருளாதார நெருக்கடிக் காலத்திற் படித்த இளைஞர் என் செய்வர் என்னும் வினா இன்று புதிதாய் எழுந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் யாழ்ப்பாணச் சமூகமும் இதனை எதிர்நோக்கியது. அச்சமூகம் கண்ட விடையினையும் அவ்விடையின் குறைபாட்டினையும் ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1869இல் இலங்கைக் கோப்பிச் செடிகளிலே இலைநோய் தோன்றிற்று. அடுத்த இரு தசாப்தங்களுள் அப்பயிர்ச்செய்கை அழிந்தொழிந்தது. 1884இல் ஓரியண்டல் வங்கியும் முறிவடைந்தது. இந்நிலையில் அரசாங்க உத்தியோகங்கள் அருகின. யாழ்ப்பாணத்திலோ நிலைமை வேறாயிருந்தது. 1823இல் நிறுவப்பெற்ற வட்டுக்கோட்டைச் செமினரி 1855இல் மூடப்பட்ட பின்னரும் மிசன் பாடசாலைகள் ஆங்கிலங் கற்றோரை ஆண்டுதோறும் உருவாக்கின. கற்றவர் தோட்டத்திற்கு மீள விரும்பிலர். அவர்க்கேற்ற உத்தியோகமும் ஈண்டுப் போதியதாயில்லை.

இக்காலத்திலேயே மலாயாவில் ஒரு வாயில் திறந்தது. 1874ஆம் ஆண்டுப் பங்கோர் உடன்படிக்கையின் பின் ஆங்கிலேயர் ஆட்சி அங்கு விரிவுற்றது. 1885இல் தைப்பிங்கிலிருந்து முதலாவது புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. நிலமளக்கவும் கணக்கெழுதவும் தந்தியனுப்பவும் ஆங்கிலமறிந்தோர் தேவைப்பட்டனர். இலங்கையிற் பணியாற்றிய ஆங்கில அதிகாரிகள் சிலர் அங்கு பதவியேற்றமையும் நம்மவர்க்கு வாய்ப்பாயிற்று.

நம்மவர் அழைப்பு வரும்வரை காத்திருந்தாரல்லர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. முன்னர் சென்றவர் தமையனாகவோ மாமனாகவோ ஊரவராகவோ இருப்பர். பின்னர் சென்றவர் அவர் வீட்டிலே தங்கி, எப்பகுதியில் வெற்றிடம் உண்டென அறிந்து விண்ணப்பித்தனர். புகையிரதம், நில அளவை, தபால், திறைசேரி ஆகிய பகுதிகளில் யாழ்ப்பாணத்தவர் பெருகினர். அவர் அனுப்பிய பணத்தால் ஊரிலே கல்வீடுகள் எழுந்தன, கோயில்கள் திருத்தப்பட்டன, சீதனமும் உயர்ந்தது. ‘மலாயன் பென்சனியர்’ என்பது ஒரு மதிப்புப் பெயராயிற்று.

ஆயின் இவ்வெற்றியுள்ளே ஒரு பலவீனமும் மறைந்திருந்தது. பெரும்பாலோர் அரசாங்கம் என்னும் ஓர் எசமானையே நம்பியிருந்தனர். 1929இல் தொடங்கிய உலகப் பெருமந்தத்தால் ஈயமும் இறப்பரும் விலை வீழ்ந்தபோது மலாய அரசு ஆட்குறைப்பை மேற்கொண்டது. மலாயர்க்கு உத்தியோகங்களில் முன்னுரிமை வழங்கும் கொள்கையும் வலுப்பெற்றது. வாயில் ஒடுங்கியது, கல்வியெனின் அரசாங்க உத்தியோகமே என்னும் மனப்பாங்கோ ஒடுங்கவில்லை. மலாயாவின் பின் கொழும்பை நோக்கி அது திரும்பியது. இன்றும் நம்மிடையே வாழ்கின்றது.

2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடன் மீளச்செலுத்தலை இடைநிறுத்தியது. பட்டதாரி நியமனத்தை எதிர்பார்த்திருக்கும் கலைப்பீட மாணவராகிய நாம் அன்றைய வரலாற்றிலிருந்து இரண்டினைக் கற்றல் வேண்டும். தேவையுள்ள இடத்தைத் தாமே தேடிச் சென்றமையும், அறிந்ததை உறவினரோடு பகிர்ந்தமையும் கொள்ளத்தக்கன. ஒரே வாயிலில் ஒரு சமூகம் முழுவதும் நின்றமை தள்ளத்தக்கது. முன்னோர் கடலைக் கடந்தனர். அம்மனப்பாங்கைக் கடத்தல் நம் தலைமுறையின் கடனாகும்.