பயிற்சியின்றிப் பழகிய எமது நூலகர்கள்

எமது கல்லூரியின் வரலாற்றைச் சொல்லும்போது அதிபர்களையும் கட்டடங்களையும் முதலிற் குறிப்பிடுவது வழக்கம். நூலகத்தை நடத்தியவர்களின் பெயர்கள் எந்தப் பலகையிலும் இல்லை. அவர்களிற் பெரும்பாலோர் நூலகக் கல்வி பெறாதவர்கள். தமிழோ புவியியலோ கற்பித்த ஓர் ஆசிரியை, இடைவேளையில் அவருக்கு உதவிய சில மாணவிகள்: நெடுங்காலம் எமது நூலகத்தின் ஆளணி இவ்வளவுதான்.

இதிற் குறைவாக எண்ண எதுவுமில்லை. தமிழரிடையே நூலக இயக்கம் தொடங்கியதே அப்படித்தான். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக நியமிக்கப்பட்ட எஸ். ஆர். இரங்கநாதன் கணிதம் கற்பித்து வந்தவர். நியமனம் பெற்ற பின்னரே இலண்டன் சென்று அத்துறையைக் கற்றார். யாழ்ப்பாணத்தில் கே. எம். செல்லப்பா 1933இல் தமது வீட்டிலேயே ஒரு நூலகத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு 844 நூல்களுடன் ஆஸ்பத்திரி வீதியில் வாடகை அறையொன்றில் நூலகம் திறக்கப்பட்டது. அதுவே பின்னர் யாழ்ப்பாணப் பொது நூலகமாக வளர்ந்தது. அதன் புதிய கட்டடத்துக்கு ஆலோசனை கூறியவர்களுள் இரங்கநாதனும் ஒருவர்.

எம்மவர் முதலிற் பழகியது இடாப்பு எழுத. வந்த ஒவ்வொரு நூலுக்கும் ஓர் இலக்கம். அதனருகே திகதி, ஆசிரியர், தலைப்பு, விலை, வாங்கியதா அன்பளிப்பா என்ற விபரம். ஒரு நூல் தொலைந்தாலும் அதன் இலக்கத்தை வேறொன்றுக்குக் கொடுப்பதில்லை. இந்த ஒழுங்கைப் பாடசாலைத் தளபாட இடாப்பைப் பார்த்தே கற்றுக்கொண்டனர்.

அடுத்தது நூல்களை வகைப்படுத்தல். 1876இல் வெளிவந்த தூயி தசாம்சப் பகுப்பு அறிவு முழுவதையும் பத்துப் பெரும் பிரிவுகளாக வகுக்கிறது. அதில் ஆங்கில இலக்கியத்துக்கு 820. தமிழ் இலக்கியத்துக்கோ 894.811. எமது இறாக்கைகளிற் பெரும்பகுதி தமிழ் இலக்கியமே. மெல்லிய கவிதை நூலொன்றின் முதுகில் அவ்வளவு நீண்ட இலக்கத்தை எழுத இடமேது? எனவே தமிழ் நூல்களுக்குத் தனி இறாக்கைகள் ஒதுக்கி, கவிதை, நாடகம், நாவல், சிறுகதை எனப் பிரித்து, ஆசிரியர் பெயரின்படி அடுக்கினர். தலைப்பெழுத்தை விட்டு இயற்பெயரின் முதலெழுத்தையே கொண்டனர். தேடி வரும் மாணவிக்கு நினைவில் நிற்பது இயற்பெயர்தானே. பின்னாளில் பயிற்சி பெற்ற நூலகர் ஒருவர் வந்து பார்த்து, உள்ளூர் இலக்கியத்துக்குக் குறுகிய இலக்கம் வழங்கத் தூயி முறையிலேயே இடமுண்டு என்றார். தேவையிலிருந்து எம்மவர் கண்ட வழியும் அதே திசையிற்றான் இருந்தது.

எல்லாவற்றிலும் பெரிய பாடம் அலுமாரியைத் திறந்து வைப்பது. நூல் பூட்டிக் காப்பதற்கன்று, வாசிக்கப்படுவதற்கே என்பது இரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவதன் சாரம். ஆனால் தொலைந்த நூலுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர் பொறுப்பாசிரியை. அந்த அச்சத்தோடுதான் அவர்கள் வீட்டுக்கு இரவல் கொடுத்தார்கள். வீட்டில் ஒரு புத்தகமும் இல்லாத எத்தனையோ பேர் வாசகிகளானது அந்தத் துணிவினால்.

1981இல் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரிந்தபோது, பட்டியலின் அருமையும் எமக்கு விளங்கியது. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் எமது ஆசிரியை ஒருவர் நூல்களை விட்டுவிட்டு இடாப்பை மட்டும் எடுத்துச் சென்றார். திரும்பி வந்தபின் எவை எஞ்சின, எவை போயின என்பதை இலக்கம் இலக்கமாகச் சரிபார்க்க முடிந்தது அதனாற்றான். எந்த நூல்கள் வேண்டுமென்று பழைய மாணவிகளிடம் பெயர் சொல்லிக் கேட்கவும் முடிந்தது.

இன்று உலகின் பல பாகங்களிலிருந்தும் நீங்கள் அன்போடு நூற்பெட்டிகள் அனுப்புகிறீர்கள். அனுப்புமுன் எவை தேவையென நூலகத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே நூலின் பத்துப் பிரதிகளை விட, இடாப்பில் இன்னும் வெறுமையாயிருக்கும் ஓர் இடத்தை நிரப்பும் ஒரு நூல் மேலானது. நூலகத்தில் உதவிய மாணவிகள் உங்களுள் இருப்பின், உங்கள் பெயரையும் ஆண்டையும் சங்கத்துக்கு எழுதுங்கள். அந்தப் பெயர்களுக்கும் ஓர் இடாப்பு வேண்டும்.