எண்ணூர் ஆஸ்டினும் ஒரு பெட்ரோல் குழாயும்

எண்ணூர்னு சொன்னா நமக்கு கன்டெய்னர் லாரியும் துறைமுகமும் லேலண்ட் கம்பெனியும்தான் ஞாபகம் வரும். ஆனா அந்தக் கம்பெனி முதல்ல செஞ்சது லாரி இல்லீங்க, கார்! ரகுநந்தன் சரண் 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், இங்கிலாந்திலிருந்து பாகங்களாக வந்த ஆஸ்டின் ஏ40 கார்களை 1949 முதல் எண்ணூரில் பூட்டிக் கொடுத்தது. 1955-ல் பெயர் அசோக் லேலண்ட் ஆனது, கவனமும் லாரி, பஸ் பக்கம் போயிடுச்சு.

அந்த ஆஸ்டின்களில் மிஞ்சியிருப்பதை இன்னைக்கு யாராவது சரி பண்ண உட்கார்ந்தா, முதலில் கையைக் கடிப்பது பெட்ரோல் குழாய்தான்.

பக்கத்துத் திருவொற்றியூரில் 1950-களில் உருவாக ஆரம்பித்த என்ஃபீல்டு புல்லட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. டேங்க் மேலே, கார்புரேட்டர் கீழே. பெட்ரோல் தானா இறங்கிடும். ஏ40-ல் டேங்க் பின்னாடி, எஞ்சின் முன்னாடி. நடுவே வண்டியின் அடியில் ஓடும் மெல்லிய இரும்புக் குழாய் வழியா, எஞ்சின் ஓட்டும் பம்ப் பெட்ரோலை உறிஞ்சி எடுக்கணும். பம்புக்கு முன்னால் ஊசிமுனை ஓட்டை விழுந்தா வண்டி ஓடும்போது பெட்ரோல் சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். மேட்டில் ஏறும்போது வண்டி திணறும், நாம கார்புரேட்டரைத் திட்டிக்கிட்டு இருப்போம் :-) பம்புக்குப் பின்னால் கசிவு இருந்தா அது விளையாட்டில்லை. சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் தெறிக்கும்.

இங்கேதான் சரித்திரம் குறுக்கே வருது. கம்பெனி பிறந்த அதே 1948-ல் பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் போல்ட், நட்டுக்குப் பொதுவான 60 டிகிரி மரை அளவுக்கு ஒப்புக்கொண்டன. ஆனால் பிரிட்டிஷ் பைப் மரை பழைய 55 டிகிரியிலேயே நின்றது. இந்தியா 1956-ல் மெட்ரிக் அளவுக்குச் சட்டம் போட்டது. ஆக, பழைய சாமான் குவியலில் மூணு நாட்டு மரையும் கலந்து கிடக்கும்.

அரைக்கால் இஞ்ச் (1/8) பிரிட்டிஷ் பைப் மரையில் இஞ்சுக்கு 28 சுற்று. அமெரிக்க பைப் மரையில் 27. வித்தியாசம் ஒண்ணுதானேன்னு நினைக்காதீங்க. ரெண்டு மூணு சுற்று சமர்த்தா ஏறும், அப்புறம் இறுகும். 'பிடிச்சுக்கிச்சு'ன்னு ஸ்பேனரைப் போட்டு முறுக்கினா, பித்தளை மரை போயிடும். இறுகின மாதிரி தெரியும், கசியும்.

குழாயிலும் கவனம் வேணும். கடற்காற்றில் இரும்பு வெளியே துருப்பிடிக்கும். 2023-லிருந்து பங்குகளுக்கு வந்த 20 சதவீத எத்தனால் பெட்ரோல் ஈரத்தை இழுப்பதால் உள்ளேயும் துருப்பிடிக்கும், பழைய ரப்பரும் ஊறிப்போகும். வெறும் செம்பு வளைக்கச் சுகம், ஆனா அதிர்வில் நாளடைவில் விறைத்து விரிசல் விடும். செம்பில் 10 சதவீதம் நிக்கல் கலந்த குழாய் ரெண்டுக்கும் தாங்கும். எதுவானாலும் நட்டை முதலில் கோத்துட்டுத்தான் குழாய் முனையை விரிக்கணும். அப்புறம் கோக்க முடியாது.

எண்ணூர்ல கார் செஞ்ச சங்கதியே பலருக்கும் தெரியாது. அதுக்குச் சாட்சி, மிஞ்சியிருக்கும் அந்த வண்டிகள்தான். ஒரு தப்பான நட்டு தீயா மாறினா, அதுல ஒண்ணு குறையும். குழாயை மாத்துங்க, தப்பேயில்லை. பழைய பித்தளை நட்டை மட்டும் காயலான் கடைக்குப் போட்டுடாதீங்க. அந்த மரைக்கு அதுதான் அத்தாட்சி.